கண்ணாடி பார்த்து வரைந்த நடை

1

என் மகள் கூடத்தில் நொண்டி நடந்து காட்டினாள். நான் சிரித்தேன். மற்றதை எப்படிச் சொன்னாலும் இதை மழுப்பக் கூடாது என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

தாராவுக்குப் பதினோரு வயது. இங்கே மாண்ட்ரியலில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு, தோழிகளோடு ஆங்கிலம், எங்களோடு தமிழ் மாதிரி ஒன்று. மூன்று வருடமாக வார விடுமுறைகளில் நான் செய்துகொண்டிருந்த அனிமேஷன் குறும்படத்தை ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவளுக்கு முழுசாகப் போட்டுக் காட்டினேன். ஆறரை நிமிடம். முடிந்ததும் சமையலறைக்கு ஓடினாள். சாலட் கிண்ணத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து, தண்ணீர் தளும்புகிற மாதிரி வாயாலேயே சத்தம் கொடுத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றி வந்தாள். படத்தில் குடம் தூக்கி வரும் பெண்ணை அப்படியே கொண்டுவந்துவிட்டாள். என் மனைவியும் சிரித்தாள். நான் ஒரு படி மேலே போய், "இன்னொரு தடவை நட" என்றேன்.

நடந்து முடித்துவிட்டு, "அப்பா, அந்த அக்கா நிஜம் ஆளா?" என்று கேட்டாள்.

"நிஜம்தான். எதிர்வீட்டு வசந்தி அக்கா."

"நீங்க அவங்களைப் படம் பண்றது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா ரொம்ப சந்தோஷப்படுவாங்க" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொல்லுகிற பழக்கம் எனக்கு உண்டு. அப்பாவாகிவிட்டால் அது இன்னும் அதிகமாகிவிடுகிறது.

2

அந்தப் படம் தி.நகரில் நாங்கள் குடியிருந்த ஸ்டோர் வீட்டைப் பற்றியது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: நடுவில் ஒரு நீளமான நடை, இரண்டு பக்கமும் எட்டுக் குடித்தனம், கோடியில் பொதுக் கழிப்பறை. அதற்குப் பெயர் ஸ்டோர். என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேனாக இருந்தார். எதிர்ப் போர்ஷனில் வசந்தி அக்கா வீடு. அவள் அப்பா வடபழனி ஸ்டூடியோக்களில் லைட்மேன். வசந்தி அக்கா என்னைவிட மூன்று வயது பெரியவள். குழந்தையில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிப் போயிருந்தது.

ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி லாரி வரும். தெருமுனையில் ஹாரன் கேட்டதும் ஸ்டோரே குடத்தோடு ஓடும். கலர் கலராகப் பிளாஸ்டிக் குடங்கள், வரிசைக்காகச் சண்டை, லாரிக்காரரோடு சண்டை, பிறகு நடை முழுக்க ஈரம். இதுதான் படம். பெரிய கதை ஒன்றும் கிடையாது. பெண்கள், பிள்ளைகள், ஒரு லாரி. கூட்டம் கலைந்த பிறகு கடைசியாக ஒரு பெண் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு காலை இழுத்து வருவாள். வழியெல்லாம் தண்ணீர் சிந்தும். வீட்டு வாசலுக்கு வரும்போது குடம் காலி. அவள் குடத்தைக் கவிழ்த்துப் பார்ப்பாள். படம் முடியும்.

எங்கள் அனிமேஷன் தொழிலில் ஒரு பழக்கம் இருக்கிறது. ஒரு பாத்திரம் நடக்க வேண்டுமென்றால் முதலில் நாமே நடந்து பார்ப்போம். முகபாவம் வரைய மேசை மேல் ஒரு கைக்கண்ணாடி வைத்திருப்போம். எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில், முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. அதன் முன்னால் வாளியில் நிஜமாகவே தண்ணீர் நிரப்பித் தூக்கிக்கொண்டு எட்டு நாள் நொண்டினேன். உடம்பு எங்கே சாய்கிறது, தோள் எப்போது இறங்குகிறது, எந்த நொடியில் தண்ணீர் தளும்புகிறது என்று பார்த்துப் பார்த்து வரைந்தேன். மற்றவர்கள் நடைக்கெல்லாம் ஆளுக்குப் பன்னிரண்டு ஓவியம் போதுமென்று விட்டேன். இவளுக்கு மட்டும் நாற்பது.

உடன் வேலை செய்கிறவர்கள் பத்துப் பேருக்குப் போட்டுக் காட்டியபோது, அவள் திரைக்குள் வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். "படத்தோட உயிரே அந்த நடைதான்" என்று ஒருவர் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே வழக்கமான கதையை எடுத்துவிட்டேன். பத்து வயதில் கணக்கு நோட்டின் மூலையில் ஒவ்வொரு பக்கமாக வசந்தி அக்காவை வரைந்து, பக்கங்களை வேகமாகப் புரட்டி அவளை நடக்க வைத்தேன் என்றும், அதுதான் என் முதல் அனிமேஷன் என்றும். இந்தக் கதையைப் பதினாறு வருடமாகச் சொல்லிவருகிறேன். கேட்கிறவர்கள் நெகிழ்ந்துபோவார்கள்.

3

படத்தை முடிக்கப் பண உதவி கேட்டு, கலைஞர்களுக்கு நிதி தரும் இங்குள்ள அலுவலகம் ஒன்றுக்கு எழுதியிருந்தேன். வந்த பதிலில், அடையாளம் தெரியக்கூடிய உயிரோடிருக்கும் நபர் படத்தில் இருந்தால் அவருடைய சம்மதக் கையெழுத்து வேண்டும் என்று ஒரு படிவத்தை இணைத்திருந்தார்கள். விண்ணப்பத்தில் நான்தானே பெருமையாக "எதிர்வீட்டு வசந்தியின் நினைவுக்கு" என்று எழுதி வைத்திருந்தேன். சும்மா இருந்திருக்கலாம்.

படிவத்தில் ஒரு கட்டம்: அந்த நபருக்கும் உங்களுக்கும் என்ன உறவு? தோழி என்று எழுதினேன், அடித்தேன். அண்டை வீட்டார் என்று எழுதினேன். முப்பது வருடத்துக்கு முந்தின அண்டை வீடு. அதையும் அடித்தேன். கட்டமே கறுப்பாகிப் போனதால் புதுப் பிரதி எடுக்க வேண்டியதாயிற்று.

சந்தேகம் கேட்க நேரில் போனேன். அங்கே இருந்த அம்மாள் ரொம்ப மரியாதையானவர். என் பிரெஞ்சு இன்னமும் அரைகுறை. அவர் எதிர்வீட்டில் இருந்தார், நல்ல பெண்மணி, சிரமப்பட்டவர் என்று இறந்தகாலத்திலேயே அடுக்கிக்கொண்டு போனேன். அந்த அம்மாள் பேனாவை வைத்துவிட்டு, முகத்தைத் தாழ்த்தி, என் துக்கத்தில் பங்கெடுப்பதாகச் சொன்னார். இறந்தவர்களுக்குக் கையெழுத்து தேவையில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பேருந்தில் உட்கார்ந்து வீடு வரும்வரை, அப்பாடா, வேலை முடிந்தது என்றுதான் இருந்தது. இரண்டு நாள் அப்படியே விட்டுவைத்தேன். ஒரு கையெழுத்துக்குச் சோம்பல்பட்டு உயிரோடிருக்கிற ஒரு பெண்ணைச் சாகவிட்டுச் சோறு தின்றேன். மூன்றாம் நாள் தாரா, "வசந்தி அக்கா சைன் பண்ணிட்டாங்களா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் அலுவலகத்துக்குத் திருத்தி எழுதினேன். என்ன மனுஷன் நான் என்று அன்றைக்கு முதல் தடவை தோன்றியது.

4

அப்பாவின் முதல் வருட திதிக்குச் சென்னைக்குப் போனேன். அம்மா இப்போது கோட்டூர்புரத்தில் தம்பி வீட்டில் இருக்கிறாள். திதி முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, வசந்தி அக்கா எங்கே இருக்கிறாள் என்று அம்மாவிடம் கேட்டேன். படத்தைப் பற்றியும் சொன்னேன்.

அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"ஏல, அந்தப் பிள்ளையவா படம் எடுத்திருக்க? அவ நடக்கதையா?"

"ஆமாம்மா. ரொம்ப நல்லா வந்திருக்கு."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவ முன்னால போயி நிப்ப?"

எனக்குக் கோபம் வந்தது. நான் என்ன தப்பு செய்தேன், அன்பாகத்தானே செய்திருக்கிறேன் என்று கத்தினேன். நான் ஓய்ந்ததும் அம்மா வெற்றிலையை மடித்து முடித்துவிட்டு, சாவகாசமாகச் சொன்னாள்.

"லாரி போனதும் எல்லாரும் நடையில உக்காந்து மூச்சு வாங்குவோம். 'சேகரு, வசந்தி மாதிரி நடந்து காட்டு'ம்பாங்க. நீ காலிக் குடத்தத் தூக்கிக்கிட்டு நடப்ப. இன்னொரு தடவ, இன்னொரு தடவம்பாங்க. முறுக்கு குடுப்பாங்க உனக்கு. நானும் சிரிச்சிருக்கேன், இல்லங்கல. ஒருநாளு அவ அப்பா ஷூட்டிங் முடிஞ்சு வந்து வாசல்ல நிக்காரு. நீ பாக்கல. நடந்துக்கிட்டே இருக்க. அவரு என்ன செய்வாரு பாவம், அவரும் சேந்து சிரிச்சாரு. மறுநாள்லருந்து அந்தப் பிள்ள தண்ணி பிடிக்க வரல. அவ அம்மாதான் வந்தா."

முறுக்கு எனக்கு ஞாபகம் இருந்தது. அவர்கள் சிரித்ததும் ஞாபகம் இருந்தது. அவள் அப்பா நின்றதும், மறுநாள் அவள் வராததும் சுத்தமாக ஞாபகம் இல்லை. இந்த லட்சணத்தில் சிறுவயது நினைவுகளை வைத்துப் படம் எடுத்திருக்கிறேன்.

அம்மாவிடம் விலாசம் இருந்தது. ஊரில் எல்லாருடைய விலாசமும் அம்மாவிடம் இருக்கும்.

5

சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு எதிரே ஒரு சந்துமுனையில் கடை. ஜாப் டைப்பிங், ஜெராக்ஸ், பத்திர வேலை. உள்ளே நீளமான ஒற்றை அறை. முன்பக்கம் மேசைக்குப் பின்னால் கம்ப்யூட்டர் முன் அவள் உட்கார்ந்திருந்தாள். மூக்குக்கண்ணாடி போட்டு, தலைக்குச் சாயம் அடித்திருந்தாள். விரல்கள் சாவிப்பலகையில் பறந்துகொண்டிருந்தன. நான் பெயரைச் சொன்னேன்.

"சேகரா? துணிக்கடைக்காரர் புள்ளையா?" என்று கண்ணாடியை ஏற்றிப் பார்த்தாள். "ஃபாரின்ல கீறதா சொன்னாங்க. குந்து."

"நல்லா இருக்கீங்களா அக்கா?"

"இன்னாடா நீங்க நாங்கன்னு. ஒரே லாரில தண்ணி புடிச்சவங்க."

உட்கார்ந்தேன். யாரோ ஒருவர் வாடகை ஒப்பந்தம் கேட்டு வந்தார். "அந்தக் கோடில மிஷின்ல வந்துகீது பாரு நைனா, நீயே எடுத்துக்க" என்று அவரை அனுப்பினாள். அப்புறம் என்னிடம், "டீ சாப்புடுறியா? பக்கத்துக் கடைல போய் ரெண்டு வாங்கிக்கினு வா" என்றாள். சொந்தக்காரனிடம் வேலை சொல்லுகிற மாதிரி சொன்னாள் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஓடிப்போய் வாங்கி வந்தேன்.

படிவத்தை நான் தமிழில் பெயர்த்து எடுத்துப் போயிருந்தேன். நாள் முழுக்க அஃபிடவிட் அடிக்கிற பெண்ணிடம் அதைக் கொடுத்தது இன்னொரு மடத்தனம்.

"இத்த யாரு எழுதுனது?"

"நான்தான்."

"'மேற்படி நபரின் சாயலைப் பயன்படுத்த.' மேற்படின்னா மேல பேரு இருக்கணும்ல? மேல ஒண்ணுமே இல்ல. தகப்பனார் பேரு இல்ல. விலாசம் இல்ல. கோர்ட்டுல மூஞ்சில வீசுவாங்க." சிவப்புப் பேனாவை எடுத்து நாலு இடத்தில் சுழித்தாள். "படத்தப் போடு, பாக்கலாம்."

மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். நான் படத்தைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லாரி வந்தபோது லேசாகச் சிரித்தாள். "எட்டாம் நம்பர் மாமி சோக்கா கீறாங்க" என்றாள். அப்புறம் அந்தப் பெண் வந்தாள். மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த அவள் விரல் நின்றது.

படம் முடிந்ததும், "அந்த எடம் மட்டும் மறுபடி போடு" என்றாள். போட்டேன். "இன்னொரு தடவை." போட்டேன்.

"எந்தக் காலு?"

"என்னக்கா?"

"இவ எந்தக் கால இழுக்குறா?"

பார்த்தேன். மூன்று வருடத்தில் அப்போதுதான் பார்த்தேன். "இடது."

"எனக்கு எந்தக் காலு?"

மேசைக்கு அடியில் பார்வை போகப் பார்த்தது. பிடித்து நிறுத்திக்கொண்டேன். "வலது" என்றேன்.

"தெரியுதில்ல. அப்பறம் எப்டி மாறுச்சு?"

எனக்கு விளங்கிவிட்டது. விளக்கம் கிடைத்த நிம்மதியில் மூச்சுவிடாமல் சொன்னேன். "கண்ணாடி முன்னால நடந்து பாத்து வரைஞ்சேன்க்கா. நான் வலது காலைத்தான் இழுத்தேன். கண்ணாடில தெரிஞ்சத அப்படியே வரைஞ்சதுல இடதா மாறிடுச்சு. எங்க வேலைல இந்தத் தப்பு நடக்கும். சரி பண்ணிடலாம்."

"கண்ணாடில யாரு தெரிஞ்சா?"

"நான்தான்."

"அப்ப இது நீதான்" என்றாள்.

டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள். கோபமாக எல்லாம் சொல்லவில்லை. தப்பாக அடித்த பத்திரத்தில் பிழை காட்டுகிற குரல்தான்.

"இன்னொண்ணு. நான் தண்ணி சிந்தமாட்டேன்டா. முக்காக் குடம்தான் புடிப்பேன். குடத்து வாய்க்குத் துணி கட்டிக்குவேன். சிந்துனா மறுபடி லைன்ல நிக்கணும், அம்மா வேற அடிப்பாங்க. ஒரு சொட்டு சிந்துனது கெடயாது. இவ தெரு பூரா ஊத்திக்கினு போறா. அப்டி ஊத்துனது நீ. எப்பவும் காலிக் குடத்தோட நடப்பே. அன்னிக்கு ஜோர் காட்டணும்னு தண்ணிய ரொப்பிக்கினு நடந்தே. எங்கப்பா வந்து நின்னாரே, அன்னிக்கு."

"நீங்க பாத்தீங்களா?"

"ஜன்னலாண்டதான் நின்னுகினு இருந்தேன். நீ நடந்தது பெருசு இல்ல. சின்னப் பையன் நீ. எங்கப்பா சிரிச்சாரு பாரு."

நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். என் மகள் கூடத்தில் நடந்தது, நான் இன்னொரு தடவை என்றது, செத்துப்போனவளாக அவளை இரண்டு நாள் வைத்திருந்தது, எல்லாம் சேர்ந்து வந்து நின்றன. செருப்பால் அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "மன்னிச்சிருங்கக்கா" என்றேன்.

"எதுக்கு? இந்தப் படத்துக்கா, அதுக்கா?"

"ரெண்டுக்கும்."

"ரெண்டையும் ஒரே பேப்பர்ல போடக் கூடாதுடா. தனித்தனியாப் போடணும்."

படிவத்தை இழுத்து வைத்து, தானே புதிதாக அடித்தாள். தகப்பனார் பேர், விலாசம், மேற்படி எல்லாம் சரியாக. கோடியில் இருந்த இயந்திரத்திலிருந்து தாள் வந்தது. "எடுத்துக்கினு வா" என்றாள். எடுத்து வந்து படித்தேன். படத்தில் காணப்படும் நபர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. என் அப்பா பெயர், என் விலாசம்.

"இது நான் இல்ல. அப்பறம் என் கையெழுத்து எதுக்கு? உன்னுதப் போட்டுக்கோ" என்றாள்.

உறவு என்ற கட்டம் காலியாக இருந்தது. "அதுல இன்னா போடறதுன்னு எனக்குத் தெரில. யோசிச்சு நீயே போட்டுக்கோ" என்றாள்.

6

படம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்தப் பெண்ணை எடுத்துவிட்டேன். அதே நடைக்கு ஒரு பையனின் உடம்பை வரைந்தேன். ஸ்டோர் நடையில் ஜனங்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், பையன் நொண்டி நடந்து காட்டுகிறான், எல்லோரும் சிரிக்கிறார்கள். எதிரே ஒரு ஜன்னல். அவ்வளவுதான். பையனுக்கு என் பத்து வயது முகம். அதே பத்துப் பேருக்குப் போட்டேன், யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் என் தோளைத் தட்டி, துணிச்சல்காரன் என்றார். எனக்குக் கூசியது. வசந்தி அக்கா பிடித்துக் காட்டிய தப்பை வைத்தும் நான் பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறேன். அந்தப் படிவம் இன்னும் என் பையில்தான் இருக்கிறது.

தாராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரைகுறைத் தமிழில்தான் பேசுகிறாள், ஆனால் ஒன்று விடாமல் புரிந்துகொள்கிறாள். நெடுநேரம் சாலட் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நிஜமா அவங்க எப்படி நடப்பாங்க அப்பா?" என்று கேட்டாள்.

தெரியாது என்று சொன்னேன். அது பொய்யில்லை. ஏன் தெரியாது என்பதைத்தான் இன்னும் எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டு வருகிறேன்.

அன்றைக்கு அந்தக் கடையில் ஒன்றரை மணி நேரம் இருந்தேன். "சரி கெளம்பு, சாப்பாட்டு நேரம்" என்று அவள் டிபன் டப்பாவை மேசை மேல் எடுத்து வைத்தாள். கை கழுவுகிற குழாய் கடைக்கு வெளியே, வாசல் ஓரத்தில் இருந்தது. நான் விடைபெற்று ரோட்டைத் தாண்டி, கோர்ட்டுச் சுவரோரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். அவள் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிப் பாதி எழுந்திருந்தாள். நிமிர்ந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். அப்படியே மறுபடி உட்கார்ந்துகொண்டு, ஏதோ காகிதத்தைத் தேடுகிற மாதிரி குனிந்தாள்.

அப்போதுதான் உறைத்தது. அச்சடித்த தாளை எடுக்க வந்தவரையே அனுப்பினாள், டீ வாங்க என்னை அனுப்பினாள், படிவத்தையும் என்னையே எடுத்து வரச் சொன்னாள். நான் இருந்த அவ்வளவு நேரமும் அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

அவள் கை கழுவிச் சாப்பிட வேண்டுமே என்று ரயில் ஸ்டேஷன் பக்கம் வேகமாக நடந்தேன். அதற்குப் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை.